அந்தக் கருப்பு விண்டோவை மூடாதே

அக்கா பையன் பெங்களூர் பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) தங்கி இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஈஜிபுராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவான். போன மாதம் ஒரு ஞாயிறு, நான் குழம்பைத் தாளித்து இறக்குவதற்குள் லேப்டாப்பைத் திறந்து மேஜையில் வைத்துவிட்டான்.

“சித்தி, இந்த ரெண்டு கருப்பு விண்டோல ஒண்ணு எதுக்குன்னே தெரியல. அதை மூடினா இன்னொண்ணும் சேர்ந்து போயிடுது. நேத்து ராத்திரி ரெண்டு மணி நேரம் ஓடின சிமுலேஷன் அப்படியே போச்சு.”

நான் பதினான்கு வருஷமாக இதே ஊரில் சிப் வெரிஃபிகேஷன், அதாவது சிப்பின் வடிவமைப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை பார்க்கிறேன். எங்கள் வேலைக்கான மென்பொருள் எல்லாம் லினக்ஸ் சர்வரில் ஓடும். கையில் இருப்பதோ விண்டோஸ் லேப்டாப். அதனால் ஒரு விண்டோ அமைப்பின் தலைமேல் இன்னொன்றை ஏற்றி ஓட்டுவது எனக்குத் தினப்படி வேலை. அவன் சொன்ன அந்தக் கஷ்டத்தை நானும் பட்டிருக்கிறேன். அன்று மத்தியானம் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்ததையும், அதற்கு முன்பு நான் ஆபீஸ் வேலையில் பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். பெங்களூரில் இவனைப் போல எத்தனையோ பிள்ளைகள் இதே இடத்தில் மாட்டிக்கொண்டு இருப்பார்கள்.

அவனுடைய ப்ராஜெக்ட், வெரிலாக் என்ற வன்பொருள் வடிவமைப்பு மொழியில் எழுதிய ஒரு சின்னப் ப்ராசஸர். இக்காரஸ் வெரிலாக் என்ற சிமுலேட்டர் வைத்து ஓட்டி, ஜிடிகேவேவ் என்ற நிரலில் சிக்னல்களின் அலைகளைப் பார்க்கிறான். லேப்டாப் விண்டோஸ் 10. அதற்குள் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாக உபுண்டு என்ற லினக்ஸ். உபுண்டுவின் விண்டோக்களைத் திரையில் காட்டுவதற்கு விசிஎக்ஸ்சர்வ் என்ற எக்ஸ் சர்வர். எக்ஸ் என்பது லினக்ஸில் விண்டோக்களை வரையும் அமைப்பு. இதெல்லாம் ஒரு சீனியர் ஏற்றிக்கொடுத்தது. எது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

முதலில் ஒரு பேப்பரை எடுத்து அடுக்கடுக்காக வரையச் சொன்னேன். அடியில் விண்டோஸ் டெஸ்க்டாப். அதன்மேல் விசிஎக்ஸ்சர்வ். பக்கத்தில் தனியாக ஒரு பெட்டி, அது உபுண்டு ஓடும் மெய்நிகர் கணினி. அதற்குள் எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் விண்டோ, எக்ஸ்டெர்முக்குள் பாஷ் என்ற ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்), பாஷுக்குள் அவனுடைய சிமுலேஷன். உபுண்டு பெட்டியிலிருந்து விசிஎக்ஸ்சர்வுக்கு ஒரு கோடு. அந்தக் கோடு நெட்வொர்க்.

“சர்வர் எது?” என்று கேட்டேன். உபுண்டுவைக் காட்டினான். எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள். ஆனால் எக்ஸ் உலகத்தில் திரையும் கீபோர்டும் மவுசும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்தான் சர்வர். எக்ஸ்டெர்ம் வெறும் கிளையன்ட். “எனக்கு ஒரு விண்டோ வரைந்து கொடு, அதில் அழுத்தப்படும் எழுத்துகளை எனக்கு அனுப்பு” என்று சர்வரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. எக்ஸ் 1984இல் எம்ஐடியில் பிறந்தது. இன்று நாம் பயன்படுத்தும் 11ஆம் பதிப்பு 1987இல் வந்தது. கணக்குப் போடும் பெரிய இயந்திரம் ஓரிடத்திலும், உட்கார்ந்து பார்க்கும் திரை வேறிடத்திலும் இருக்கலாம் என்ற எண்ணத்தில் கட்டியது அது. நம் மேஜைமேல் இருக்கும் லேப்டாப்தான் சர்வர் என்று மனசில் பதிந்துவிட்டால், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் குழாயைக் கழற்ற மாட்டோம். சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா, மேல் டேங்குக்கு ஏறுகிறதா என்று கீழிருந்து பார்த்துக்கொண்டே வருவோம். “அதே மாதிரிதான்டா, அடியிலிருந்து ஒவ்வொரு படியா பார்க்கணும்” என்றேன். பிஜியில் இருக்கிறவனுக்குத் தண்ணீர்க் கதையைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையே இல்லை.

சரி, அந்த இரண்டு கருப்பு விண்டோ விஷயத்துக்கு வருகிறேன்.

டெஸ்க்டாப்பில் அவன் ஒரு ஷார்ட்கட் வைத்திருந்தான். அதைச் சொடுக்கினால் விண்டோஸ் முதலில் டபிள்யூஎஸ்எல்லைக் கூப்பிடும். டபிள்யூஎஸ்எல் ஒரு கன்சோல் நிரல். எனவே விண்டோஸ் அதற்கென்று ஒரு கருப்பு விண்டோவைத் திறக்கும். அந்த விண்டோவுக்குள்ளிருந்துதான் எக்ஸ்டெர்ம் கிளம்புகிறது. அதாவது முதலாவது விண்டோஸ் வரைந்தது, இரண்டாவது எக்ஸ் வரைந்தது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தாலும் இவை தாயும் பிள்ளையும். தாயை மூடினால் அதிலிருந்து கிளம்பியதெல்லாம் சேர்ந்து மூடிக்கொள்ளும். அவனுடைய இரண்டு மணி நேர சிமுலேஷன் போனது இப்படித்தான்.

இணையத்தில் தேடினால், அந்தக் கருப்பு விண்டோவை மறைக்க நாலு வரியில் ஒரு விபிஸ்கிரிப்ட் எழுதி, விண்டோ பாணி என்ற இடத்தில் பூஜ்ஜியம் போடச் சொல்வார்கள். வேலை செய்யும். நானும் பல வருஷம் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆனால் அவனிடம், “இப்ப மறைக்காதே, எல்லாம் சரியா ஓடின பிறகு மறைச்சுக்கலாம்” என்றேன். எக்ஸ்டெர்ம் கிளம்பாமல் போனால் ஏன் கிளம்பவில்லை என்ற செய்தி எக்ஸ்டெர்மில் வராது. அது எங்கிருந்து கிளம்பியதோ அந்த விண்டோவில்தான் வந்து விழும். அதை முதலிலேயே மறைத்துவிட்டால் அழும் பிள்ளையின் வாயைப் பொத்தினது போல ஆகிவிடும். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், அந்தக் கதை பின்னால் வருகிறது.

அடுத்த புகார்: “ரன் ஸ்கிரிப்ட் போட்டா ஒரு விண்டோ மின்னல் மாதிரி வந்துட்டு மறைஞ்சிடுது.”

அந்த ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். எக்ஸ்டெர்மைக் கூப்பிட்டு, ஹைஃபன் ஈ என்ற விருப்பத்தோடு சிமுலேஷன் கட்டளையைக் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுத்தால் அந்தக் கட்டளை முடிந்த கணமே எக்ஸ்டெர்மும் மூடிக்கொள்ளும். கட்டளை பிழையோடு முடிந்தாலும் அப்படித்தான். பிழைச் செய்தி திரையில் வந்திருக்கும், ஆனால் கண் பார்ப்பதற்குள் விண்டோவே இருக்காது. இதற்கு மருந்து ஒரே சொல்: எக்ஸ்டெர்ம் என்பதற்குப் பக்கத்தில் ஹைஃபன் ஹோல்டு. கட்டளை முடிந்த பிறகும் நாமே மூடும்வரை விண்டோ நின்றுகொண்டிருக்கும்.

போட்டு ஓட்டினோம். விண்டோ நின்றது. உள்ளீட்டு ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று ஒரே ஒரு வரி. ஃபைல் எங்கேயும் போகவில்லை, அவனுடைய ப்ராஜெக்ட் ஃபோல்டரில் பத்திரமாகத்தான் இருந்தது. எக்ஸ்டெர்ம் எந்த ஃபோல்டரில் நிற்கிறது என்று பார்த்தோம். விண்டோஸ் பக்கத்து சி டிரைவில், பயனர் ஃபோல்டரில் நின்றுகொண்டிருந்தது. ஷார்ட்கட்டிலிருந்து கிளம்பினால் விண்டோஸ் சொன்ன ஃபோல்டரில்தான் டபிள்யூஎஸ்எல் கண் விழிக்கும். அவன் கையால் டைப் செய்து ஓட்டும்போதோ உபுண்டுவின் ஹோம் ஃபோல்டரிலிருந்து ஆரம்பிப்பான். “கையால அடிச்சா வேலை செய்யுது, கிளிக் பண்ணா செய்யல” என்று ஒரு வாரமாக அவன் தவித்ததற்கு இதுதான் காரணம். ஸ்கிரிப்டின் முதல் வரியில் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குப் போகும்படி ஒரு சிடி கட்டளை சேர்த்தோம். முடிந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் விசிஎக்ஸ்சர்வின் அமைப்பைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது.

விசிஎக்ஸ்சர்வைத் தொடங்கும்போது எக்ஸ்லான்ச் என்ற பகுதி நாலைந்து கேள்விகள் கேட்கும். எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ் பக்கத்தில், அணுகல் கட்டுப்பாட்டை நிறுத்திவிடு என்று ஒரு டிக் பெட்டி. அது டிக் ஆகியிருந்தது. கூடவே விண்டோஸ் ஃபயர்வாலில் விசிஎக்ஸ்சர்வுக்குப் பொது நெட்வொர்க் அனுமதியும் கொடுத்திருந்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? அந்த பிஜியில் ஒரே வைஃபையில் அறுபது பேர் இருக்கிறார்கள். வைஃபை சாதனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைத்திருந்தால் தப்பித்தோம். இல்லாவிட்டால் அந்த அறுபது பேரில் யார் வேண்டுமானாலும் இவனுடைய எக்ஸ் சர்வரோடு இணையலாம். இணைந்தவருக்கு, இவன் எக்ஸ் விண்டோக்களில் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் கேட்க முடியும், அந்த விண்டோக்களைப் படம் பிடிக்க முடியும். எக்ஸ்டெர்மில் அவன் அடிக்கும் கல்லூரி சர்வர் பாஸ்வேர்டு உட்பட.

யாரும் கெட்ட எண்ணத்தில் இப்படிச் செய்துகொடுக்கவில்லை. டபிள்யூஎஸ்எல் 1இல் உபுண்டுவும் விண்டோஸும் ஒரே நெட்வொர்க்கைப் பகிர்ந்துகொண்டன. அதனால், எந்தத் திரையில் வரைய வேண்டும் என்று எக்ஸ் நிரல்களுக்குச் சொல்லும் டிஸ்ப்ளே மாறியில் வெறும் முக்காற்புள்ளியும் பூஜ்ஜியமும் போட்டாலே போதும். 2020இல் டபிள்யூஎஸ்எல் 2 வந்தபோது உபுண்டு தனி மெய்நிகர் கணினியாகி, தனி ஐபி முகவரி வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டது. இப்போது விண்டோஸின் பார்வையில் அது வெளியாள். அந்த மெய்நிகர் நெட்வொர்க்கை விண்டோஸ் பொது நெட்வொர்க் வகையில்தான் சேர்க்கிறது. அதனால் பொது அனுமதி கொடுக்காவிட்டால் விண்டோ வரவே வராது. டிஸ்ப்ளேவைத் திறக்க முடியவில்லை என்று செய்தி வரும். எரிச்சலில் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் உடனே வேலை செய்யும். அதோடு எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

அப்படித் திறந்துவிடச் சொல்லும் எந்தக் குறிப்பையும் அப்படியே செய்யாதீர்கள் என்று இதைப் படிக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் என்ற கட்டளையும் இதே ரகம்தான். அதைப் போட்டு ஒரு பிரச்சினை தீர்ந்தது என்றால், பிரச்சினை அனுமதியில் இருந்தது என்று தெரிந்துகொண்டு உடனே எக்ஸ்ஹோஸ்ட் மைனஸ் போட்டு மூடிவிட வேண்டும். அப்புறம் முறையான வழியில் சரிசெய்ய வேண்டும். எக்ஸுக்கு முறையான வழி உண்டு. ஹோம் ஃபோல்டரில் எக்ஸ்அத்தாரிட்டி என்ற ஃபைலில் ஒரு ரகசிய எண் இருக்கும். அதைக் காட்டும் கிளையன்டை மட்டும் சர்வர் உள்ளே விடும். விசிஎக்ஸ்சர்வையே தொடர்ந்து பயன்படுத்த வேண்டிய கட்டாயம் என்றால், ஃபயர்வால் விதியில் 172.16.0.0/12 என்ற முகவரி வரம்புக்கு மட்டும் அனுமதி என்று சுருக்கலாம். டபிள்யூஎஸ்எல் 2 வழக்கமாக அந்த வரம்புக்குள்தான் முகவரி எடுக்கிறது. பிஜி வைஃபையும் அதே வரம்பில் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவனுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. இவனுடைய விண்டோஸ் 10, புதுப்பிப்புகள் எல்லாம் ஏறிய கடைசிப் பதிப்பு. அதில் டபிள்யூஎஸ்எல்ஜி ஓடும். முதலில் விண்டோஸ் 11க்கு மட்டும் என்று வந்தது, 2022 கடைசியில் விண்டோஸ் 10க்கும் கிடைத்தது. இதில் எக்ஸ் சர்வர் உபுண்டு இருக்கும் பக்கத்திலேயே, அதே மெய்நிகர் கணினிக்குள் ஓடுகிறது. எக்ஸ்டெர்ம் அதனோடு பேசுவது நெட்வொர்க் வழியாக அல்ல, டெம்ப் ஃபோல்டருக்குள் இருக்கும் ஒரு சாக்கெட் ஃபைல் வழியாக. வரைந்த விண்டோக்களை ஆர்டிபி என்ற தொலைத்திரை முறையில் விண்டோஸ் பக்கத்துக்கு அனுப்பிவிடும். பிஜி வைஃபையில் இருக்கிறவர் தட்டுவதற்குக் கதவே கிடையாது.

டபிள்யூஎஸ்எல் அப்டேட் கட்டளை கொடுத்தோம். ஒருமுறை ஷட்டவுன் செய்து மறுபடி திறந்தோம். விசிஎக்ஸ்சர்வை நீக்கினோம், ஃபயர்வால் விதியையும் மறக்காமல் அழித்தோம். எக்ஸ்டெர்ம் என்று அடித்தான். அதே பழைய செய்தி: டிஸ்ப்ளேவைத் திறக்க முடியவில்லை.

அவன் முகம் வாடிவிட்டது. “நீக்கியிருக்கக் கூடாதோ சித்தி?”

“இருடா. அடியிலிருந்து வா. டிஸ்ப்ளே மாறியில என்ன இருக்குன்னு எக்கோ போட்டுப் பாரு.”

ஒரு நீளமான ஐபி முகவரி வந்தது. டபிள்யூஎஸ்எல்ஜி தானாகவே சரியான மதிப்பை, அதாவது முக்காற்புள்ளி பூஜ்ஜியத்தை, வைத்துக் கொடுக்கிறது. ஆனால் சீனியர் எழுதி வைத்த பழைய எக்ஸ்போர்ட் வரி, பாஷ் தொடங்கும்போது ஓடும் பாஷ்ஆர்சி ஃபைலில் இருந்துகொண்டு ஒவ்வொரு முறையும் அதை அழித்துத் தன் மதிப்பைத் திணித்திருக்கிறது. ரிசால்வ் கான்ஃப் ஃபைலிலிருந்து விண்டோஸின் முகவரியை உருவியெடுக்கும் வரி அது. ஒரு காலத்தில் எல்லோரும் எழுதியதுதான். புதிய டபிள்யூஎஸ்எல் பதிப்புகளில் அந்த ஃபைலில் வேறு முகவரி இருக்கலாம் என்பதால், விசிஎக்ஸ்சர்வ் வைத்திருப்பவர்களுக்கே அந்த வரி இப்போது சரிப்படாமல் போகலாம். அவர்கள் ஐபி ரவுட் கட்டளை காட்டும் டீஃபால்ட் முகவரியை எடுக்க வேண்டும். டபிள்யூஎஸ்எல்ஜி உள்ளவர்கள் அந்த வரியை அப்படியே எடுத்துவிட வேண்டும். எடுத்தோம். எக்ஸ்டெர்ம் வந்தது.

டிஸ்ப்ளே மாறியைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது இயந்திரத்தின் பெயர். ஒன்றுமே இல்லை என்றால் இதே இயந்திரத்தின் சாக்கெட். முக்காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பது டிஸ்ப்ளே எண். நெட்வொர்க் வழி என்றால் 6000உடன் அந்த எண்ணைக் கூட்டினால் போர்ட் எண். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக வந்தால் எண்ணிக்கை பத்திலிருந்து தொடங்கும். லோக்கல்ஹோஸ்ட் 10 என்று இருந்தால் போர்ட் 6010. எஸ்எஸ்ஹெச் வழியாகப் போன சர்வரில் இந்த மாறியைக் கையால் மாற்றவே கூடாது. எஸ்எஸ்ஹெச் தானே வைக்கும். வைக்கவில்லை என்றால் அந்த சர்வரில் எக்ஸ் ஃபார்வர்டிங் (அங்கே ஓடும் நிரலின் விண்டோவை இங்கே காட்டும் வசதி) மூடியிருக்கும், அல்லது எக்ஸ்ஆத் என்ற சின்ன நிரல் அங்கே இருக்காது. நான் பார்த்தவரை பத்துக்கு ஏழு பேர் அந்த மாறியைத் திணித்துத் திணித்தே பிரச்சினையை வளர்த்துக்கொள்கிறார்கள்.

இப்போது நான் சொல்லாமல் வைத்திருந்த கதை.

2020. எல்லோரும் வீட்டிலிருந்து வேலை. ஒரு சிப்பின் டேப்-அவுட்டுக்கு, அதாவது வடிவமைப்பை முடித்துத் தயாரிப்புக்கு அனுப்புவதற்கு, நான்கு நாள் இருந்தது. நான் விண்டோஸ் லேப்டாப்பில் சிக்வின் எக்ஸ் என்ற எக்ஸ் சர்வரை வைத்து, எஸ்எஸ்ஹெச்சில் ஹைஃபன் பெரிய எக்ஸ் போட்டு ஆபீஸ் சர்வருக்குள் நுழைவேன். எக்ஸ்டெர்ம் நாலைந்து திறந்துகொள்வேன். எல்லாம் நன்றாக ஓடும். கொஞ்ச நேரம் கழித்துப் புதிதாக ஒரு அலை விண்டோ திறக்கப் போனால் திறக்காது. ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோக்கள் மட்டும் உயிரோடு இருக்கும். வெளியே வந்து மறுபடி நுழைந்தால் சரியாகும், அப்புறம் மறுபடி நின்றுவிடும். ஐடி பிரிவில் புகார் கொடுத்தேன். வீட்டு இணையம் சரியில்லை என்றார்கள். இணைய நிறுவனத்தை மாற்றினேன். அதே கதைதான். என் டீமில் இருந்த மதுரைக்காரர் ஒருவர் அதே கட்டளையைத்தான் கொடுத்தார். அவருக்கு ஒரு தடவைகூட இப்படி ஆகவில்லை. மூன்று ராத்திரி இதிலேயே போயிற்று.

நாலாவது ராத்திரி, எஸ்எஸ்ஹெச்சைத் தொடங்கிய முதல் விண்டோவைத் தற்செயலாகத் திறந்தேன். தொந்தரவாக இருக்கிறதே என்று அதை எப்போதும் மினிமைஸ் செய்து கீழே தள்ளி வைத்திருப்பேன். அதில் வரிசையாகச் செய்திகள். ஃபார்வர்டு எக்ஸ்11 டைம்அவுட் காலாவதியாகிவிட்டதால் இணைப்பு நிராகரிக்கப்பட்டது என்று, நான் முயன்ற ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி. மூன்று ராத்திரியாகக் காரணத்தை அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஹைஃபன் பெரிய எக்ஸ் போட்டால் எஸ்எஸ்ஹெச் தொலைவிலிருக்கும் சர்வரை நம்பாத முறையில் இணைக்கும். அந்த அனுமதிக்கு இருபது நிமிடம்தான் ஆயுள். அதற்குப் பிறகு வரும் புதிய விண்டோக்களை மறுத்துவிடும், பழையவற்றை விட்டுவிடும். ஹைஃபன் பெரிய ஒய் போட்டால் நம்பும் முறை, கால வரம்பு கிடையாது. டெபியனும் உபுண்டுவும் தங்கள் எஸ்எஸ்ஹெச் அமைப்பில் நம்பும் முறையையே வழக்கமாக்கி வைத்திருக்கின்றன. அங்கே பெரிய எக்ஸ் போட்டாலும் ஒய் போட்டது போலத்தான். மதுரைக்காரர் வைத்திருந்தது உபுண்டு லேப்டாப். அதனால்தான் ஒரே கட்டளை அவருக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரி.

அன்றைக்கு ஒய் போட்டு வேலையை முடித்தேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்துக்கும் ஒய் போடச் சொல்ல மாட்டேன். ஒய் போட்டால், அந்த சர்வரில் உங்கள் கணக்கை எட்டக்கூடிய யாரும் உங்கள் எக்ஸ் விண்டோக்களைப் பார்க்கலாம், கேட்கலாம். சொந்த ஆபீஸ் சர்வருக்குப் பரவாயில்லை. பலர் புழங்கும் சர்வருக்கு பெரிய எக்ஸையே வைத்துக்கொண்டு, அந்தக் கால வரம்பை மட்டும் எஸ்எஸ்ஹெச் அமைப்பு ஃபைலில் நீட்டிக்கொள்ளலாம்.

அதே நாட்களில் இன்னொன்றும் பிடிபட்டது. லேப்டாப் தூங்கி எழுந்தால், அல்லது மின்சாரம் போய் ரவுட்டர் அணைந்து வந்தால், எக்ஸ் விண்டோக்கள் எல்லாம் போய்விடும். எக்ஸில் அறுந்த இணைப்பை மறுபடி ஒட்டவைக்க வழியில்லை. அதனால் நீண்ட நேரம் ஓடும் எதையும் டிமக்ஸ் என்ற நிரலுக்குள் ஓட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். விண்டோ போனாலும் உள்ளே வேலை ஓடிக்கொண்டிருக்கும். இதில் ஒரு பொறி உண்டு. நேற்று டிமக்ஸ் தொடங்கியபோது டிஸ்ப்ளே லோக்கல்ஹோஸ்ட் 10 என்று இருந்தது. இன்று திரும்ப நுழைந்தபோது எஸ்எஸ்ஹெச் 11 கொடுத்தது. டிமக்ஸ் தன் குறிப்பில் அதைப் புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் ஏற்கெனவே ஓடும் ஷெல்லுக்குள் பழைய 10தான் இருக்கும். அந்த ஷெல்லிலிருந்து அலை விண்டோ திறந்தால் வராது. டிமக்ஸின் ஷோ என்விரான்மென்ட் கட்டளை புதிய எண்ணைக் காட்டும், அதை அந்த ஷெல்லில் ஏற்றிக்கொண்டால் போதும். கையால் மாற்றாதே என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. இங்கேயும் எஸ்எஸ்ஹெச் கொடுத்த எண்ணைத்தான் ஏற்றுகிறோம்.

வெளிநாட்டு சர்வர் என்றால் எக்ஸ் ஃபார்வர்டிங்கே வேண்டாம் என்பது என் முடிவு. எக்ஸ் நிரல்கள் ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் சர்வரிடம் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். ஒரு போய்வரலுக்குக் கால் விநாடி என்றால், ஒரு மெனு திறக்க டீ போட்டுக் குடித்துவிடலாம். அங்கேயே விஎன்சி என்ற தொலைத்திரை நிரலை ஓட்டி, படத்தை மட்டும் இங்கே வாங்கிக்கொள்வதுதான் சரி. விஎன்சியில் இணைப்பு அறுந்தாலும் விண்டோக்கள் அங்கேயே இருக்கும் என்பது கூடுதல் லாபம்.

அன்று மத்தியானம் மீதி நேரத்தில் சின்னச் சின்ன உபத்திரவங்களைத் தீர்த்தோம். பேக்ஸ்பேஸ் அழுத்தினால் அழியாமல் தொப்பிக்குறியும் ஹெச்சும் வந்தால், எக்ஸ்டெர்ம் அனுப்பும் எழுத்தும் ஷெல் எதிர்பார்க்கும் எழுத்தும் பொருந்தவில்லை. எக்ஸ்டெர்மின் அமைப்பு இருக்கும் எக்ஸ்ரிசோர்சஸ் ஃபைலில் பிடிஒய் இனிஷியல் எரேஸ் என்பதை ட்ரூ ஆக்கினால் இரண்டும் ஒத்துப்போகும். எழுத்து எறும்பு அளவில் இருந்தால் அதே எக்ஸ்ரிசோர்சஸ் ஃபைலில் ஃபேஸ்நேமும் ஃபேஸ்சைஸும் கொடுங்கள், பிறகு எக்ஸ்ஆர்டிபி கட்டளையால் ஏற்றுங்கள். விசிஎக்ஸ்சர்வில் எழுத்து மங்கலாகத் தெரிந்தால், அதன் இஎக்ஸ்இ ஃபைலின் பண்புகளில் கம்பாட்டிபிலிட்டி பக்கம் போய், உயர் டிபிஐ பெரிதாக்கலை அப்ளிகேஷனே பார்த்துக்கொள்ளட்டும் என்று மாற்றினால் தெளிவாகும்.

காப்பி பேஸ்ட் மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டியது. எக்ஸில் காப்பிக்கு இரண்டு பைகள் இருக்கின்றன. மவுசால் தேர்ந்தெடுத்தாலே பிரைமரி என்ற பையில் விழுந்துவிடும். நடுப் பொத்தானை அழுத்தினால் அதிலிருந்து ஒட்டும். கன்ட்ரோல் சி செய்தால் போவது கிளிப்போர்டு என்ற வேறு பை. விண்டோஸுக்குத் தெரிந்தது அந்த இரண்டாவது பைதான். எக்ஸ்டெர்மில் தேர்ந்தெடுத்தது வேர்டில் ஒட்டாததற்கு இதுவே காரணம். செலக்ட் டு கிளிப்போர்டு என்ற அமைப்பை ட்ரூ ஆக்கினோம். அவன் எக்ஸ்டெர்மில் ஒரு வரியைத் தேர்ந்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தான். ஒட்டியது. “ஆறு மாசமா ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பார்த்து டைப் பண்ணிட்டு இருந்தேன் சித்தி” என்றான்.

அவனுடைய ப்ராஜெக்ட் ஃபோல்டரில் தமிழில் எழுதிய ஒரு குறிப்பு ஃபைல் இருந்தது. ஒவ்வொரு மாட்யூலும் என்ன செய்கிறது என்று அவனுக்காக அவனே எழுதிக்கொண்டது. எனக்கு அதைப் பார்த்ததும் அத்தனை சந்தோஷம். எக்ஸ்டெர்மில் திறந்தால், ‘பெயர்’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. இது ஃபான்ட் கோளாறு என்று நினைத்து ஃபான்ட் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறான். காரணம் அது அல்ல. யூனிகோடில் ப முதலில், கொம்பு அடுத்து என்ற வரிசையில்தான் சேமிக்கிறோம். காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது திரையில் வரையும் நிரலின் வேலை. எக்ஸ்டெர்ம் கட்டம் கட்டமாக ஒவ்வொரு எழுத்தையும் வந்த வரிசையிலேயே வைக்கும். அதற்கு இந்த இடமாற்றம் தெரியாது. எந்த ஃபான்ட் போட்டாலும் சரியாகாது. டெர்மினலிலேயே தமிழ் வேண்டும் என்றால் இந்திய மொழிகளுக்கு ஆதரவு உள்ள எம்எல்டெர்மைப் போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் ஜிஎடிட் போன்ற எடிட்டரில் திறந்தால் போதும். அவனுக்கு ஜிஎடிட் போட்டுக் கொடுத்தேன். தமிழில் எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே என்றேன்.

கிளம்பும் முன் அந்தக் கருப்பு விண்டோவையும் வழியனுப்பினோம். டபிள்யூஎஸ்எல்லோடு டபிள்யூஎஸ்எல்ஜி என்ற பெயரிலேயே இன்னொரு இஎக்ஸ்இ வருகிறது. ஷார்ட்கட்டில் அதை வைத்தால் கன்சோல் இல்லாமலே எக்ஸ்டெர்ம் திறக்கும். ஏதாவது கோளாறு வந்தால் மட்டும் பழைய ஷார்ட்கட்டால் திறந்து செய்தியைப் படி என்று, அந்தப் பழையதையும் அழிக்காமல் வைத்தேன். உபுண்டுவில் எக்ஸ்11 ஆப்ஸ் என்ற தொகுப்பையும் போட்டுக் கொடுத்தேன். அதில் எக்ஸ்ஐஸ் என்று ஒன்று இருக்கிறது, மவுஸ் போகும் திசையில் பார்க்கும் இரண்டு கண்கள். எது ஓடவில்லை என்றாலும் முதலில் அதை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். கண்கள் வந்தால் அடி அடுக்கெல்லாம் நலம், கோளாறு மேலே இருக்கும் நிரலில். கண்களும் வரவில்லை என்றால் நிரலை நோண்டாமல் டிஸ்ப்ளேவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

செவ்வாய் ராத்திரி பிஜியிலிருந்து போன் வந்தது.

“சித்தி, கண்ணு வந்துடுச்சு. ஆனா மவுஸ் எக்ஸ்டெர்ம் மேல இருக்கும்போது அசையுது, குரோம் மேல போனா அப்படியே நின்னுடுது. ஏதாவது தப்பா இருக்கா?”

“தப்பே இல்லடா. அது எக்ஸ் விண்டோ, இது விண்டோஸ் விண்டோ. மவுஸ் தன் வீட்டுக்குள்ள இருக்கறவரைக்கும்தான் அந்தக் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பேப்பர்ல வரைஞ்சியே, அதை எடுத்துப் பாரு.”

பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“இந்தக் கோட்டைத் தாண்டினா அதுக்குத் தெரியாது. சரி சித்தி, வைக்கிறேன், சிமுலேஷன் ஓடிட்டு இருக்கு.”